பழைய டீன்-ஏஜ் படம் ஒன்றை டிஸ்க்கில் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. 1980-களிலோ 90-களிலோ அமெரிக்காவில் வந்து, தியேட்டரில் சரியாக ஓடாமல், பிறகு விஎச்எஸ் கேசட்டாலும் இரவு நேர டிவியாலும் ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட பள்ளிப் பருவக் கதை ஒன்று இருக்கிறது. பாதி சிரிப்பு, பாதி வலி. பழைய டிவிடி எப்போதோ தீர்ந்துவிட்டது. ஒரு சிறிய நிறுவனம் அதை ப்ளூ-ரேயில் மறுபடி வெளியிட நினைத்தால் என்னென்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும்?

சறுக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படங்களின் மறுவெளியீடு கிடப்பில் போவது பெரும்பாலும் பாட்டு உரிமையால்தான். ஸ்கேன், கிரேடிங் எனப்படும் நிறச் சீரமைப்பு, சத்தம் எல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் முடிகிற வேலைகள். பாட்டு அப்படியல்ல. ஒரே ஒருவர் "முடியாது" என்றால் அந்த இடத்தில் படம் ஊனமாகிவிடும். ஆகவே ஒரு அடி பிலிமைக்கூட ஸ்கேன் செய்வதற்கு முன் பாட்டுப் பட்டியலைக் கையில் எடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஸ்கேனுக்குக் காசு கொட்டிவிட்டு, அறிவிப்பும் கொடுத்துவிட்டு, கடைசியில் பாட்டுக்காரரிடம் போய் நிற்பார்கள். உங்கள் அவசரம் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த பிறகு பேரம் ஏது?

படம் எடுத்த காலத்தில் தயாரிப்பாளர் தியேட்டருக்கும் டிவிக்கும் மட்டும் பாட்டு வாங்கியிருக்கக்கூடும். வீடியோவுக்கு வாங்கியிருந்தாலும் ஐந்து வருடம், ஏழு வருடம் என்று கெடு இருக்கலாம். "இப்போது இருக்கிற, இனிமேல் வரப்போகிற எல்லா வடிவங்களுக்கும்" என்ற பொருளில் ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த வரி எல்லாப் பாட்டுக்கும் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். பத்துப் பாட்டில் எட்டுக்கு இருந்து இரண்டுக்கு இல்லாமல் இருப்பது சகஜம்.

தொடங்க வேண்டியது க்யூ ஷீட்டிலிருந்து. படத்தில் ஒலிக்கிற ஒவ்வொரு இசைத் துண்டும் எங்கே தொடங்குகிறது, எத்தனை வினாடி, யார் எழுதியது, யார் வெளியிட்டது, பின்னணியில் ஓடுகிறதா அல்லது பாத்திரமே பாடுகிறதா என்று சொல்லும் தாள் அது. தயாரிப்பு நிறுவனத்திடம் இல்லையென்றால், படம் டிவியில் ஓடியிருக்கிற பட்சத்தில் பாட்டு எழுதியவர்களுக்காக ஒளிபரப்புக் கட்டணம் வசூலிக்கும் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற சங்கங்களிடம் ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. ஒரு பாட்டை எழுதியவர்கள் யார், எந்தப் பதிப்பாளர் கையில் அது இருக்கிறது என்பதை அவர்களுடைய இணையத் தேடலிலேயே பெருமளவு பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு அனுமதி வேண்டும். பாட்டை எழுதியவர் பக்கம் ஒன்று. இதைப் பதிப்பாளர் தருவார். அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. இதை ரெக்கார்டு கம்பெனி தரும். எழுதியவர்கள் மூன்று பேர், பங்கு 50, 25, 25 என்றால் மூன்று பதிப்பாளரும் கையெழுத்துப் போட வேண்டும். 75 சதவீதம் கிடைத்துவிட்டது, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது. இதோடு "யாருக்கு அதிகம் கொடுத்தாலும் எனக்கும் அதே" என்ற நிபந்தனையைப் பெரும்பாலும் எல்லோரும் வைப்பார்கள். அதனால் ஒரு பிரபலக் குழுவின் பாட்டுக்கு நீங்கள் இறங்கிப்போய் விலையைக் கூட்டினால், மற்ற பத்துப் பாட்டின் விலையும் கூடவே ஏறும். கணக்குப் போடாமல் ஒருவருக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்.

என்ன கேட்க வேண்டும் என்பதிலும் சாமர்த்தியம் இருக்கிறது. டிஸ்க்குக்கு மட்டும் கேளுங்கள். ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்தால் தொகை வேறு உயரத்துக்குப் போய்விடும். முதல் 3000 பிரதிக்கு ஒரு தொகை, அதைத் தாண்டினால் அடுத்த 3000-க்கு இன்னொரு தொகை என்று படிக்கட்டாக வைத்துக்கொண்டால் கையிருப்புக்குள் அடங்கும். புதியவர்கள் தவறவிடும் ஒன்று மெனு. படத்துக்குள் ஒலிக்க அனுமதி வாங்கிய பாட்டை டிஸ்க் மெனுவில் சுழலவிட்டால் அது தனிப் பயன்பாடு, அதற்குத் தனிக் காசு. விற்பனைக்கு நீங்கள் வெட்டுகிற புது ட்ரெய்லருக்கும் அப்படியே. மெனுவுக்குப் பின்னணி இசையமைப்பாளரின் துண்டு ஒன்றையோ, வெறும் பள்ளி மணிச் சத்தத்தையோ போட்டுவிட்டுப் போகலாம்.

அனுமதி கிடைக்காத பாட்டை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பார்கள். டிவி உலகில் இது நிறைய நடந்திருக்கிறது. "டாரியா" தொடர் 2010-இல் டிவிடியில் வந்தபோது ஒளிபரப்பில் இருந்த பாட்டுகளில் பெரும்பாலானவை இல்லை. "டாசன்ஸ் க்ரீக்" தொடரின் பிந்தைய பருவ டிவிடிகளில் தலைப்புப் பாட்டே மாறிப்போனது. "தி வொண்டர் இயர்ஸ்" முழுத் தொகுப்பு 2014 வரை வராமல் கிடந்ததற்குக் காரணமே பாட்டுக் கணக்குதான். எதிர்ப்பக்கத்தில் "ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்" இருக்கிறது. 1999-2000-இல் 18 எபிசோடோடு நின்றுபோன தொடர். 2004-இல் ஷவுட்! ஃபேக்டரி நிறுவனம் அதை டிவிடியாகக் கொண்டுவந்தபோது பாட்டுகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தது. அதன் முதல் எபிசோடின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். பள்ளி நடன விழா. சாம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு சிண்டியை நடனமாட அழைக்கிறான். ஸ்டிக்ஸ் குழுவின் "கம் செயில் அவே" மெதுவாகத் தொடங்கியிருக்கிறது. மெதுவான பாட்டுக்கு அணைத்தபடி ஆடலாம் என்று நம்பி அவளைத் தளத்துக்குக் கூட்டிவருவதற்குள் பாட்டு வேகம் பிடித்துவிடுகிறது. பையன் திகைத்து நிற்கிறான். அந்தச் சிரிப்பும் அந்தப் பரிதாபமும் அந்தப் பாட்டின் வடிவத்துக்குள்ளேயே இருக்கின்றன. இங்கே வேறு எந்தப் பாட்டைக் கொண்டுவந்து ஒட்டுவீர்கள்?

காரில் ரேடியோ ஓடுகிறது, கூடவே பாத்திரம் பாடுகிறது என்றாலும் மாற்றவே முடியாது. பின்னணியில் ஓடுகிற பாட்டை மாற்ற வேண்டுமென்றால்கூட வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றும் தனித்தனி ட்ராக்காக இருக்க வேண்டும். எல்லாம் கலந்த ஒற்றை மிக்ஸ் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது என்றால் பாட்டை எடுக்கப் போனால் வசனமும் சேர்ந்து போகும். இப்போது கணினியே குரலையும் இசையையும் பிரித்துத் தருகிறது, உண்மைதான். ஆனால் பிரித்தெடுத்த வசனத்தில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு கொழகொழப்பு மிஞ்சும். ஹெட்போனில் கேட்பவர் உடனே பிடித்துவிடுவார். வேறு வழியே இல்லாமல் ஒரு பாட்டை மாற்றினால் அதை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். மறைத்து வைத்து, முதல் நாளே ரசிகர் கண்டுபிடித்து எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

படத்தின் உரிமை ஒப்பந்தம் பாட்டை விட எளிது. எந்தெந்த நாடு, எத்தனை வருடம், எந்தெந்த வடிவம், கெடு முடிந்த பிறகு கையிருப்பை விற்க எத்தனை மாதம், இவை தெளிவாக இருக்க வேண்டும். ப்ளூ-ரேக்கு, வேறு மண்டலப் பிளேயரில் ஓடாதபடி ஏ, பி, சி என்று மண்டலப் பூட்டு உண்டு. 4கே யுஎச்டி டிஸ்க்குக்குக் கிடையாது. ஒரு நாட்டுக்கு மட்டும் உரிமை வாங்கி 4கே போட்டால் இந்த வித்தியாசத்தை உரிமையாளர் கேட்பார். பிரிட்டனில் விற்பதானால் 1984-ஆம் ஆண்டின் வீடியோ சட்டப்படி பிபிஎஃப்சி என்ற தணிக்கை அமைப்பின் சான்றிதழ் வேண்டும். அதற்கான கட்டணம் ஓடும் நேரத்தோடு சேர்ந்து கூடும் என்பதால் கூடுதல் பகுதிகளை அள்ளிப்போடுவதற்கு முன் யோசியுங்கள்.

அடுத்தது, எதிலிருந்து ஸ்கேன் செய்வது? உரிமையாளர் "எங்களிடம் எச்டி மாஸ்டர் இருக்கிறது" என்பார். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 2000-களின் தொடக்கத்தில் டிவிக்காகச் செய்ததாக இருக்கும். கூர்மையைச் செயற்கையாக ஏற்றி, கிரெயினை, அதாவது பிலிமுக்கே உரிய துகள் தன்மையை, மழித்திருப்பார்கள். அதை வாங்கி அப்படியே டிஸ்க்கில் போட்டால் ரசிகர் பழைய டிவிடியோடேயே இருந்துவிடுவார். முதல் தேர்வு ஒரிஜினல் கேமரா நெகட்டிவ். அது கெட்டிருந்தால் அல்லது கிடைக்காவிட்டால் அதிலிருந்து எடுத்த இன்டர்பாசிட்டிவ், அதுவும் இல்லையென்றால் அந்த இன்டர்பாசிட்டிவிலிருந்து எடுத்த டூப் நெகட்டிவ். தியேட்டருக்குப் போன ரிலீஸ் பிரிண்ட் கடைசி வழி. பிரிண்டில் கான்ட்ராஸ்ட் ஏற்கெனவே ஏறியிருப்பதால் இருட்டுப் பகுதியில் தோண்டினாலும் ஒன்றும் வராது. 80-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஈஸ்ட்மேன்கலர் பிரிண்ட் என்றால் நீலச்சாயம் போய் முழுதும் ரோஜா நிறத்தில் நிற்கும்.

டப்பாவைத் திறந்ததும் மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஏ-டி ஸ்ட்ரிப் என்ற நிறம் மாறும் காகிதத் துண்டை டப்பாவுக்குள் போட்டு, அறை வெப்பத்தில் ஒரு நாள் மூடிவையுங்கள். நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள் என்று மாறும். அளவுகோல் 0-இலிருந்து 3 வரை. 1.5-ஐத் தொட்டுவிட்டால் சிதைவு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும் கட்டம். இந்த நிலையில் மட்டும் ஒப்பந்தக் கையெழுத்துக்குக் காத்திராமல் ஸ்கேன் செய்துவிட வேண்டும். சுருக்கத்தையும் அளந்துகொள்ளுங்கள். 1 சதவீதத்தை நெருங்கினாலே பற்சக்கரம் வைத்த எந்திரத்தில் ஓட்டக்கூடாது, துளைகள் கிழியும். ரோலர் மட்டும் வைத்த ஸ்கேனர் வேண்டும். சுத்தம் செய்யும் எந்திரத்தில் போடுவதற்கு முன் பிலிம் துண்டுகளைச் சேர்த்த ஒவ்வொரு ஒட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். பழைய டேப் ஒட்டு ஏதாவது இருந்தால் அங்கே கழன்றுகொள்ளும்.

35 மிமீ பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 100 நிமிடப் படம் 9000 அடி. 2000 அடி ரீல்களில் ஐந்தோ ஆறோ வரும். 4கே முழுச் சட்டத்தில், அதாவது 4096-க்கு 3112 என்ற அளவில், 10 பிட்டில் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 51 மெகாபைட். 100 நிமிடத்துக்கு 1,44,000 ஃப்ரேம். பெருக்கினால் 7.3 டெராபைட். 16 பிட்டில் 11 டெராபைட். சுத்தம் செய்த பிரதி, கிரேடிங் முடிந்த பிரதி என்று சேர்ந்துகொண்டே போகும். இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். கச்சா ஸ்கேனை, கணினித் தரவைச் சேமிக்கும் எல்டிஓ டேப்பில் இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கீறல் நிறைய இருந்தால் வெட் கேட் கேளுங்கள். பிலிமின் ஒளிவிலகலுக்குச் சமமான திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்வது அது. அடித்தளப் பக்கக் கீறல் மறைந்துபோகும். படம் பதிந்திருக்கிற எமல்ஷன் பக்கக் கீறலுக்கு அது உதவாது. அங்கே படமே சுரண்டுபட்டுப் போயிருக்கிறது.

ஸ்கேன் வந்ததும் யாரும் செய்ய விரும்பாத சலிப்பான வேலை ஒன்று இருக்கிறது, அதைத் தவிர்க்காதீர்கள். பழைய டிவிடியை டைம்லைனில் போட்டு, புது ஸ்கேனைப் பக்கத்தில் வைத்து, ஷாட் ஷாட்டாக ஒப்பிடுவது. நெகட்டிவில் யாரோ எப்போதோ கை வைத்திருக்கலாம். டிவிக்காக ஒரு கெட்ட வார்த்தை ஷாட்டை எடுத்துவிட்டு வேறு டேக்கை ஒட்டியிருக்கலாம். கிழிந்த இடத்தில் நாலு ஃப்ரேம் போயிருக்கலாம். காணாமல்போனதை இன்டர்பாசிட்டிவிலிருந்து எடுத்து நிரப்பலாம், ஆனால் முதலில் காணவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டுமே. ஒரு ஷாட்டின் நடுவில் திடீரென்று கிரெயின் தடித்து, படம் மங்கினால் பதற வேண்டாம். டிசால்வ், எழுத்து, உறைந்த ஃப்ரேம் எல்லாம் ஆப்டிகலில், அதாவது பிலிமை இன்னொரு பிலிமில் மறுபடி படமெடுத்துச் செய்தவை. ஒரு தலைமுறை கூடிய பிலிம். பள்ளிப் படங்களின் கடைசியில் வரும் "இவன் பிற்காலத்தில் இன்னாராக ஆனான்" என்ற உறைந்த ஃப்ரேம்கள் எப்போதும் இப்படித்தான் இருக்கும். அந்த எழுத்தைப் புது ஃபான்ட்டில் திரும்பச் செய்து பளிச்சென்று ஆக்குகிற வேலை வேண்டாம்.

தூசி, கீறல் நீக்கத்தில் இந்த வகைப் படத்துக்கே உரிய தொல்லை ஒன்று. தானியங்கி மென்பொருள், ஒரே ஒரு ஃப்ரேமில் தோன்றி அடுத்ததில் இல்லாத எதையும் தூசி என்றே நினைக்கும். வகுப்பில் பறக்கிற சாக்பீஸ், உணவறைச் சண்டையில் வீசப்பட்ட பட்டாணி, நடன விழாவில் கொட்டுகிற வண்ணக் காகிதத் துணுக்கு, பல் கம்பியின் மினுக்கல் எல்லாமே அதற்குத் தூசிதான். கூடைப்பந்து பாதி தூரத்தில் மாயமாகி வளையத்துக்குள் மறுபடி தோன்றும். அமைப்பைப் பலவீனமாக வைத்து ஓட்டி, நீக்கியது எதுவென்று காட்டும் பிரதியை ஒரு ஆள் முழுதாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிரெயின் குறைப்பு அதைவிடக் கேடு. பதினாறு வயது முகத்தில் இருக்கிற பருவெல்லாம் போய் மெழுகு பொம்மை வந்து நிற்கும். பருவை அழித்த பிறகு பள்ளிப் படத்தில் என்ன மிச்சம்? ஆப்டிகல் பகுதிகளில் மட்டும், பக்கத்து ஷாட்டோடு ஒத்துப்போகிற அளவுக்குக் கொஞ்சமாகக் குறைப்பதில் தவறில்லை.

கிரேடிங்குக்கு ஆதாரம் வேண்டும். ஒளிப்பதிவாளர் ஒப்புக்கொண்ட பிரிண்ட் எங்காவது ஆவணக் காப்பகத்தில் இருந்தால் அதை ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுங்கள். பழைய கேசட்டை ஆதாரமாக வைக்காதீர்கள். டிவிக்காக எல்லாவற்றையும் வெளிச்சமாக்கியிருப்பார்கள், இரவுக் காட்சி மாலை மாதிரி இருக்கும். பள்ளித் தாழ்வாரத்து டியூப்லைட்டில் ஒரு பச்சை சாயல் உண்டு. அதை மொத்தமாகத் துடைத்துவிட்டால் மருத்துவமனை மாதிரி ஆகிவிடும். விட்டுவிட்டால் எல்லோரும் நோயாளி மாதிரி தெரிவார்கள். பிரிண்டில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு. வெளிச்ச வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் செய்தால் டியூப்லைட்டையும் கார் விளக்கையும் 1000 நிட் பிரகாசத்துக்கு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஜன்னல் கண்ணைக் குத்தினால் நடிகர் முகத்தை யார் பார்ப்பார்? இயக்குநர் வந்து உட்காருவது நல்லதுதான், ஆனால் அவருக்கு இப்போது முப்பது வயது கூடியிருக்கிறது, ரசனையும் மாறியிருக்கும். புது நிறம், புது வெட்டு வேண்டும் என்றால் அதைத் தனிப் பதிப்பாகப் போடுங்கள், ரசிகர் நினைவில் இருக்கிற படமும் டிஸ்க்கில் இருக்கட்டும்.

திரை விகிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கப் படங்களில் கணிசமானவை முழுச் சட்டத்தில் எடுத்து, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து 1.85-இல் காட்டப்பட்டவை. கேசட்டில் மறைப்பை எடுத்துவிட்டதால் ரசிகர் கூடுதல் படத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறார்; கூடவே மேலே எட்டிப் பார்க்கிற மைக்கையும். புது டிஸ்க்கில் "படத்தை வெட்டிவிட்டார்கள்" என்று புகார் வரும். 1.85 தான் சரி. 1920-க்கு 1038 என்று வரும். மறைப்பை எல்லா ஷாட்டுக்கும் ஒரே இடத்தில் வைக்காமல், தலை வெட்டுப்படுகிறதா என்று பார்த்துச் சிற்சில இடத்தில் ஒரு மயிரிழை நகர்த்த வேண்டியிருக்கும்.

டிவி தொடர் என்றால் கதையே வேறு. 90-களில் பிலிமில் எடுத்து, டேப்பில் எடிட் செய்து முடித்திருப்பார்கள். அதாவது முடிந்த எபிசோடு என்பது பிலிமில் எங்கேயும் இல்லை. கச்சா நெகட்டிவ் ரோல்கள் அனைத்தையும் கண்டுபிடித்து, எடிட் பட்டியலையும் பிலிம் ஓரத்து எண்ணையும் வைத்து ஒவ்வொரு ஷாட்டையும் திரும்பக் கோக்க வேண்டும். எழுத்து, ஃபேடு எல்லாம் மறுபடி செய்ய வேண்டும். ஒரு ரோல் காணவில்லையென்றால் அந்த ஷாட்டுக்கு மட்டும் பழைய டேப்பை உயர்த்திப் போட வேண்டியதுதான். "ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்" 2016-இல் ப்ளூ-ரேயில் வந்தபோது ஒளிபரப்பான 1.33 விகிதத்தையும் அகலத் திரை விகிதத்தையும் இரண்டையுமே கொடுத்தார்கள். சண்டையை மூடுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை, இடமும் பணமும் இருந்தால்.

சத்தத்துக்கு வருவோம். தேட வேண்டியது 35 மிமீ மேக்னெட்டிக் ட்ராக்; வசனம், இசை, எஃபெக்ட்ஸ் தனித்தனியாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் ஆப்டிகல் சவுண்ட் நெகட்டிவ். படம் மோனோ என்றால் டிஸ்க்கிலும் மோனோ இருக்க வேண்டும், டால்பி ஸ்டீரியோ என்றால் அந்த இரண்டு சேனல் மிக்ஸ் இருக்க வேண்டும். சுற்றிலும் ஒலிக்கிற 5.1 மிக்ஸ் செய்யலாம், கூடுதலாக. ஆனால் நடன அரங்கில் பாட்டை நாலு பக்கமும் பரப்பி, லாக்கர் கதவு மூடும் சத்தத்தைப் புதிதாகப் பதிவு செய்து சேர்த்தால் பழைய ரசிகர் காதில் அது உறுத்தும். இரைச்சலைக் குறைக்கிற மென்பொருளையும் அளவோடு பயன்படுத்துங்கள். மூச்சுச் சத்தமும் அறையின் காற்றும் போய்விட்டால் வசனம் வெட்டி ஒட்டியது போல் இருக்கும்.

இரண்டு வேகப் பிழைகள் அடிக்கடி வரும். முதலாவது, சத்தம் 24 ஃப்ரேம் வேகத்தில், படம் 23.976-இல். வித்தியாசம் 0.1 சதவீதம்தான், ஆனால் 100 நிமிடத்தின் முடிவில் 6 வினாடி. தொடக்கத்தில் உதடு சரியாக இருந்து போகப்போக விலகினால் இதுதான் காரணம். இரண்டாவது, பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறைக்கான மாஸ்டரிலிருந்து வந்த ட்ராக். 25-க்கு வேகப்படுத்தியதால் 4 சதவீதம் வேகம், குரலும் பாட்டும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு உயர்ந்திருக்கும். வசனத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்த பாட்டு ஒலிக்கும்போது கிட்டார் வாசிப்பவர் ஒருவர் கட்டாயம் கண்டுபிடிப்பார்.

கூடுதல் பகுதிகளில் உரிமையை மறுபடி கவனியுங்கள். பழைய டிவிடியில் இருந்த கமென்டரி, அதாவது படம் ஓட ஓட அதை எடுத்தவர்கள் பேசும் ட்ராக், பழைய நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். படத்தின் உரிமையோடு அது தானாக வந்துவிடாது. நீக்கப்பட்ட காட்சிகள் இந்த வகைக்குப் பெரிய ஈர்ப்பு. கிரைட்டீரியன் நிறுவனம் 2018-இல் "தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்" வெளியிட்டபோது ஏறக்குறைய 50 நிமிடம் யாரும் பார்க்காத காட்சிகளைச் சேர்த்தது. டிவி பதிப்புகளையும் தேடுங்கள். கெட்ட வார்த்தைகளையும் அந்தரங்கக் காட்சிகளையும் வெட்டியதால் குறைந்த நேரத்தை நிரப்ப, தியேட்டரில் வராத காட்சிகளைச் சேர்த்திருப்பார்கள். அந்தக் காட்சியிலும் ஒரு பாட்டு ஓடினால் அதற்கும் அனுமதி. புதிதாகக் கமென்டரி பதிவு செய்தால், பூட்டிய இறுதி எடிட்டை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய கேசட்டைப் பார்த்துப் பேசவைத்துவிட்டு பிறகு நகர்த்திப் பொருத்துவது தலைவலி. பேசுகிறவர்களுக்குத் தனித்தனி மைக், தனித்தனி ட்ராக்.

சப்டைட்டிலைக் கேட்டு எழுதுங்கள், பழைய கோப்பை நம்பாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் கொச்சை வழக்கை வேறு தலைமுறைக்காரர் தப்பாகக் கேட்டிருப்பார். ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள், இரண்டு வரிக்குள். பாட்டு வரிகளைச் சப்டைட்டிலில் காட்டலாமா என்பதையும் பதிப்பாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கில் இடம் போதுமா என்பது எளிய கணக்கு. இரட்டை அடுக்கு ப்ளூ-ரே 50 ஜிபி. 100 நிமிடம் 6000 வினாடி. வினாடிக்குச் சராசரி 35 மெகாபிட் வைத்தால் படம் 26 ஜிபி. இழப்பில்லாத சத்தம் ஒன்று, கமென்டரி இரண்டு சேர்த்தால் 28-க்குள் முடியும். இரண்டு மணி நேரக் கூடுதல் பகுதி 18 மெகாபிட்டில் 16 ஜிபி. மொத்தம் 44, மெனுவுக்கும் இடம் இருக்கிறது. நாலு மணி நேர எக்ஸ்ட்ராவை அதே டிஸ்க்கில் திணித்தால் படத்தின் பிட் குறையும், அது முதலில் கிரெயினில்தான் தெரியும். சதுரம் சதுரமாக உறையும். ஃபேடு ஆகிற இடங்களையும் புகைமூட்டமான நடன அரங்கையும் எடுத்துவைத்துத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். இந்த இடங்களில் படம் சரியாக நின்றால் மற்ற காட்சிகள் தானாக நிற்கும்.

அச்சிட்ட ப்ளூ-ரேக்கு, நகலெடுப்பதைத் தடுக்கும் ஏஏசிஎஸ் பூட்டு கட்டாயம், அதற்கு உரிமமும் கட்டணமும் உண்டு. முதல்முறை வெளியிடுபவர் இதைப் பட்ஜெட்டில் எழுத மறந்துவிடுவார். டிஸ்க்கோடு வைக்கிற சிறு புத்தகத்தின் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்கட்டும். 24 அல்லது 32 போதும்.

அச்சுக்கு முன் ஆலையிலிருந்து சோதனை டிஸ்க் வரும். ஒரு ஆள் ஒரு பிளேயரில் வேகமாக ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. குறைந்தது நாலு பிளேயர், அதில் ஒன்று பத்து வயதுக்கு மேற்பட்டது. படத்தை வேலையில் சேராத ஒருவர் முழுதாகப் பார்க்கட்டும். வேலை செய்தவருக்குக் கண் பழகியிருக்கும். ரீல் மாறுகிற இடங்களில் ஒரு ஃப்ரேம் கூடுதலோ குறைவோ, ஒரு "டக்" சத்தமோ இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். கமென்டரியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் மாற்றிப் பாருங்கள், விலகல் அங்கேதான் தெரியும். சப்டைட்டிலை வைத்தும் எடுத்தும் பாருங்கள். மாற்றிய பாட்டு ஏதாவது இருந்தால், பழைய பாட்டு டப்பிங் ட்ராக்கிலோ கமென்டரிக்கு அடியிலோ மிச்சமாக ஒலிக்கிறதா என்று பாருங்கள்; அனுமதி இல்லாத பாட்டு அப்படி ஒரு மூலையில் தப்பிக் கிடந்தாலும் அச்சிட்டது அத்தனையும் விற்கத் தகாததாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை தப்பினால், சரிசெய்த டிஸ்க்கை இலவசமாக அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி அனுப்பும்போது புது டிஸ்க்கின் முகப்பில் பழையதிலிருந்து வேறுபடுத்தும் ஒரு சின்ன அடையாளத்தை அச்சிட்டுவிடுங்கள். இல்லையென்றால் கிடங்கில் இரண்டும் கலந்து, அதே பிழையுள்ள டிஸ்க் அதே வாடிக்கையாளருக்கு இரண்டாம் முறையும் போய்ச் சேரும்.